கூட்டமில்லாத கடற்கரையில் இரண்டு நாள்: தரங்கம்பாடியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமைதியான கடற்கரைக்குப் போகிறோம் என்று கிளம்பி, சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பையும் குழந்தையுமாக லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை போனபோது நானும் அப்படித்தான் அலைந்தேன். படத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்கிறோம், அப்புறம் டிக்கெட், அப்புறம் அறை. அன்றைக்கு அங்கே என்ன விசேஷம் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். நாள் முதலில், ஊர் பிறகு, அறை அதற்குப் பிறகு, டிக்கெட் கடைசி.

மயிலாடுதுறைக்குக் கிழக்கே, காரைக்காலுக்கு வடக்கே, பழைய டேனிஷ் கோட்டை இருக்கும் கடலோர ஊரான தரங்கம்பாடியை உதாரணமாக வைத்து எழுதுகிறேன். சென்னையிலிருந்து கிளம்புபவர்களுக்கு ஒரே ஒரு நாள் விடுப்பில் முடியும். வேறு ஊருக்குப் போவதானாலும் இதே படிகள்தான், பெயர்கள் மட்டும் மாறும்.

1. தினசரி காலண்டரை எடுங்கள்

நம் கடற்கரைகளில் கூட்டம் கடலுக்காகச் சேர்வதைவிடத் திதிக்காகவும் திருவிழாவுக்காகவும் சேர்வதுதான் அதிகம். அதனால் சுவரில் மாட்டியிருக்கும் கிழிக்கிற காலண்டர், செல்போன் வரைபடத்தைவிட உபயோகமான கருவி.

முதலில் தவிர்க்க வேண்டிய நாட்களை அடியுங்கள். காணும் பொங்கல் அன்று தமிழ்நாட்டில் எந்தக் கடற்கரையும் அமைதியாக இருக்காது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கடல் நீராட வருபவர்கள் விடியற்காலையிலேயே கரையை நிரப்பிவிடுவார்கள். ஆடிப் பெருக்கும் சித்ரா பௌர்ணமியும் பூம்புகாருக்கான நாட்கள். மாசி மகத்தன்று சாமிகளே தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்துவிடும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களிலும் அதற்கு முந்தைய வாரத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கக் காவி உடையில் நடந்து போகிறவர்கள் இருப்பார்கள், பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா.

இவை போக வாராவாரம் வரும் ஒரு சிக்கல் உண்டு, புதிதாகப் போகிறவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான்: சனிக்கிழமை. காரைக்காலை ஒட்டித் திருநள்ளாறு இருக்கிறது. சனி பகவானுக்கு உகந்த நாளில் ஊர் ஊராக வேனும் பேருந்தும் வந்து இறங்கும். நவக்கிரகக் கோயில்களைச் சுற்றுகிற கூட்டத்தில் ஒரு பகுதி மதியத்துக்கு மேல் ‘அப்படியே கடலையும் பார்த்துவிடலாம்’ என்று தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் திரும்பும். வார இறுதி என்றாலே சனி, ஞாயிறு என்று நினைப்பதுதான் இந்தப் பகுதியில் செய்யும் முதல் பிழை.

நான் சொல்வது ஞாயிறு மாலையும் திங்கள் முழுவதும். ஞாயிறு மாலை நான்கு மணிக்குமேல் நீங்கள் ஊருக்குள் நுழையும்போது வேன்கள் எதிரே வெளியேறிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை கரையில் மீனவர்கள் இருப்பார்கள், நாய்கள் இருக்கும், நீங்கள் இருப்பீர்கள்.

காலண்டரைக் கையில் எடுத்த கையோடு பௌர்ணமியையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் நிலா கடலிலிருந்துதான் எழும். பௌர்ணமி அன்று அது சூரியன் மறையும் நேரத்திலேயே எழுவதால் வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும், நிலா சோகையாகத் தெரியும். மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக, நன்றாக இருட்டிய பிறகு எழும். பார்க்க வேண்டியது அந்த நிலாவைத்தான். பௌர்ணமிக் கூட்டமும் அதற்குள் கலைந்திருக்கும்.

2. மாதத்தைச் சரிபாருங்கள்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை மட்டும் என்றால் குடை போதும். ஆனால் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் கரைக்குப் போகவே விடமாட்டார்கள், ரயில்களும் ரத்தாகலாம். நாகை, காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், எத்தனையாம் எண் என்று ஆராயாமல் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை மிக நல்ல காலம். வெயில் சுடாது, கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டரைக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. ஆனாலும் பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்துவிடும், மாலை சுகமாகவே இருக்கும். வெயிலைப் பொறுப்பவர்களுக்கு அறை எளிதாகக் கிடைக்கும் மாதங்கள் அவை, பள்ளி விடுமுறை தொடங்கும்வரை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் மறக்க வேண்டாம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் சாப்பிடுவதுதான் உங்கள் முக்கிய நோக்கம் என்றால் அந்த மாதங்களில் நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் கிடைக்கும், விலையும் கூடுதல்.

3. எந்த மாதிரிக் கடல் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாக் கடலும் ஒன்று என்று நினைத்துப் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய. கோடியக்கரைக்கு வடக்கே திறந்த வங்கக் கடல்: அலை அடிக்கும், மணல் சரியும். கோடியக்கரையைத் தாண்டி மேற்கே திரும்பினால் பாக் நீரிணை: ஆழம் குறைவு, அலையே இல்லாத நாட்கள் உண்டு, கரையில் சேறு. மல்லிப்பட்டினத்தை ஒட்டிய மனோரா பக்கம் போய் ‘அலையைக் காணோமே’ என்று புலம்பிய நண்பர் எனக்கு உண்டு. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தக் கடல்தான் நிம்மதி.

சத்தமும் அலையும் வேண்டும், ஆனால் கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்குத் தரங்கம்பாடி, அதற்கு வடக்கே சின்னங்குடி, சீர்காழிக்குக் கிழக்கே திருமுல்லைவாசல். பின் இரண்டும் மீனவர் ஊர்கள், தங்க வசதி எதிர்பார்க்க வேண்டாம்; பகலில் போய்விட்டு வரலாம். பறவை பார்க்க ஆசைப்படுபவர்கள் குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் போகலாம், அது காட்டுயிர்ச் சரணாலயம் என்பதால் வனத்துறை விதிகளும் நேரங்களும் உண்டு. தெற்கே இருப்பவர்களுக்கு மணப்பாடு: திருச்செந்தூரிலிருந்து 20 கி.மீ.க்குள். அங்கே செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவையும், பக்கத்துக் குலசேகரன்பட்டினத்துத் தசராவையும், திருச்செந்தூரின் சூரசம்ஹாரத்தையும் காலண்டரில் அடித்துவிட வேண்டும்.

தனுஷ்கோடியை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. படத்தில் வெறிச்சென்று தெரியும். நேரில் போனால் வேன்களின் வரிசையைத்தான் முதலில் பார்ப்பீர்கள், இரவு தங்கவும் முடியாது.

4. அறை: டிக்கெட்டுக்கு முன்பு

தரங்கம்பாடியிலேயே தங்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பழைய டேனிஷ் காலத்து வீடுகளைப் புதுப்பித்த, விலை கூடிய பாரம்பரிய விடுதிகளும், ஒன்றிரண்டு எளிய இடங்களும்தான். ஆகவே அறை உறுதியான பிறகே ரயிலைத் தொடுங்கள். டிக்கெட்டை ரத்து செய்தால் கொஞ்சம் பணம்தான் போகும், அறை இல்லாமல் போனால் இரண்டு நாளும் போகும்.

இடம் இல்லை என்றதும் பலரும் யோசிப்பது 7, 8 கி.மீ. தள்ளி இருக்கும் திருக்கடையூர். லாட்ஜ்களும் அங்கே நிறைய. ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் குடும்பம் குடும்பமாக வருகிற ஊர் அது, பலர் மாதக்கணக்கில் முன்பே மொத்தமாகப் பிடித்துவைத்திருப்பார்கள். அதிகாலை மூன்றரைக்கே நாதஸ்வரமும் வாளிச் சத்தமும் கேட்கும். கிடைத்தால் விடாதீர்கள், தூக்கத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பதில் மயிலாடுதுறையில் தங்கி, விடியற்காலை வண்டி பிடித்து வருவது சில சமயம் எளிது.

தொலைபேசியில் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12க்கு 12 கணக்கா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் விசிறிக்கு மட்டுமா, ஏசிக்கும் உண்டா? இரவுச் சாப்பாடு உள்ளே கிடைக்குமா, இல்லையென்றால் பக்கத்துக் கடை எத்தனை மணிக்கு மூடும்? மூன்றாவது கேள்வியை விட்டவர்கள் இரவு ஒன்பதே முக்காலுக்குப் பிஸ்கட் பாக்கெட்டோடு படுத்திருக்கிறார்கள். ‘கடலைப் பார்த்த அறை’ என்று விளம்பரத்தில் இருந்தால், ஜன்னலிலிருந்தா மொட்டை மாடியிலிருந்தா என்றும் கேட்கலாம். தப்பில்லை.

5. போகும் வழி

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஞாயிறு காலை சென்னையிலிருந்து புறப்படும் சோழன் விரைவு ரயில் மயிலாடுதுறைக்கு மதிய வாக்கில் வந்துவிடும். இரவு ரயில்களில் வந்தால் விடிவதற்கு முன்பே இறக்கிவிடுவார்கள். மதியம்வரை அறை திறக்காது, நீங்கள் பையைக் காவல் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். பகல் ரயிலைச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

மயிலாடுதுறையில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் ஒட்டியில்லை, ஆட்டோ வேண்டும். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. பலகையில் ‘தரங்கம்பாடி’ என்று எழுதிய பேருந்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகப் பொறையாறு போகும் பேருந்துகளையும் நடத்துநரிடம் கேட்டு ஏறலாம். பெருஞ்சாலையில் இறங்கிப் பழைய நுழைவாயில் வழியாக நேரே கிழக்கே நடந்தால் தேவாலயங்களைத் தாண்டிக் கோட்டையும் கடலும். வெயில் தாழ்ந்த பிறகு என்றால் ஆட்டோ தேவையே இல்லை.

சொந்தக் காரில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. தெற்கே நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால், அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். திரும்பும் வழியில் போலீசார் வண்டியை நிறுத்தி மதுப் பாட்டில் தேடுவார்கள். வாங்கி வைத்துவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

6. பையில் என்ன

குறைவாகவே எடுங்கள். இவை மட்டும் விடுபடக் கூடாது: சில்லறையாக ரொக்கம், டார்ச், தொப்பி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, பழைய பருத்தித் துண்டு, மணலில் கழற்றி மாட்ட எளிதான செருப்பு. ஏ.டி.எம்., மருந்துக் கடை போன்றவற்றுக்குப் பொறையாறுக்குப் போக வேண்டியிருக்கலாம். மீன் விற்கும் அம்மாவிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் வியாபாரமே நடக்காது. ஒரு காலிப் பையும் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துவர. கரையில் குப்பைத் தொட்டி இருந்தாலும் அதை யார் எப்போது காலி செய்வார்கள் என்பது வேறு கதை.

7. முதல் மாலை: கடலில் இறங்குவதற்கு முன்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். கூட்டமில்லாத கடற்கரை என்றால் காப்பாற்ற ஆள் இல்லாத கடற்கரை என்றும் அர்த்தம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே கடலில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்த நாட்கள் அவை. தெற்கே வெகு தூரத்தில் இந்தியப் பெருங்கடலில் எழும் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையை ஏறி அடிப்பதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் (INCOIS) வெளியிடும் அலை எச்சரிக்கை செய்திகளில் வரும். கிளம்பும் நாளும், குளிக்கப் போகும் நாளும் பாருங்கள்.

அடுத்து, கரையில் ஒரு கால் மணி நேரம் சும்மா நின்று அலை உடைவதைக் கவனியுங்கள். வரிசையாக அலைகள் உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, நுரை கடலை நோக்கி நகர்வதுபோலத் தெரியலாம். புதிதாக வருபவர்கள் ‘இங்கேதான் அலை இல்லை’ என்று அந்த இடத்தில்தான் குழந்தையை இறக்குகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது, ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேரே நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியே வர வேண்டும். கரையில் இருப்பவர் தானும் குதிக்கக் கூடாது. கயிறோ காலி கேனோ வீசுங்கள், படகுக்காரர்களைக் கூப்பிடுங்கள். 108ம், கடலோரக் காவலுக்கான 1093ம் செல்போனில் இருக்கட்டும்.

மூன்று இடங்களில் இறங்கவே கூடாது. ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், ஏனென்றால் தரை ஒரே அடியில் ஆழமாகும். தூண்டில் வளைவு என்று கல் கொட்டிக் கட்டியிருக்கும் தடுப்பின் பக்கவாட்டு, ஏனென்றால் நீரோட்டம் கல்லோடு ஒட்டி ஓடும். கரையோரம் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், ஏனென்றால் பாசி. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும் பகுதியைக் கடல் கொண்டுபோயிருக்கிறது, அதைத் தடுக்கத்தான் இந்தக் கற்கள். படம் எடுக்கிறேன் என்று அவற்றின் மேல் ஏறி முழங்கால் தேய்த்துக்கொண்டு வந்தவர்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘அண்ணே, இன்னைக்கு இறங்கலாமா?’ என்று கேளுங்கள். அவர் தலையை ஆட்டி ‘வேணாம்’ என்றால் கால் நனைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். சரி என்று சொன்னாலும் முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. விடியற்காலை: மீன் வரும் நேரம்

ஜனவரியில் ஆறரைக்கும், ஜூனில் ஆறுக்கு முன்பும் சூரியன் எழும். அரை மணி முன்னதாகவே கரையில் இருங்கள், நிறம் மாறுவது அந்த நேரத்தில்தான். குடியிருப்பை ஒட்டிய மணலைத் தவிர்த்துக் கோட்டைப் பக்கமாக நடங்கள். காரணத்தை ஒரு காலை தவறாக நடந்தால் தெரிந்துகொள்வீர்கள்.

படகுகள் வரத் தொடங்கியதும் வேடிக்கை பார்க்கலாம். அது அவர்களுடைய வேலையிடம். விரித்திருக்கும் வலையை மிதிக்கவோ தாண்டவோ வேண்டாம், படகு இழுக்கும்போது வழியில் நிற்க வேண்டாம், முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கைகொடுத்து இழுக்கச் சொன்னால் இழுங்கள். பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஏலத்தில் குரல் கொடுக்காதீர்கள். அங்கே மொத்தமாகத்தான் போகும், விளையாட்டுக்குச் சொன்ன விலையையும் விலையாகவே எடுத்துக்கொள்வார்கள். ஏலம் முடிந்து, கூடையோடு உட்காரும் பெண்களிடம் வாங்குங்கள். கூறு கட்டி வைத்திருப்பார்கள். கிலோ விலை கேட்பதற்குப் பதில், ‘இந்தக் கூறு எவ்வளவு?’ என்று கேட்பதுதான் முறை. ஆய்ந்து கொடுக்கத் தனிக் காசு. சங்கரா, நெத்திலி, கிழங்கான் போன்றவை இரண்டு பேருக்குப் போதுமான கூறாகக் கிடைக்கும். பெரிய வஞ்சிரத்தைத் தேடி அலைய வேண்டாம், அது பெரும்பாலும் வெளியூருக்குப் போய்விடும்.

வாங்கிய மீனை யார் சமைப்பார்கள் என்பதை முந்தின நாள் மாலையே பேசிவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு மீனோடு போய் நின்றால் எந்த மெஸ்ஸிலும் முகம் சுளிப்பார்கள், அவர்களுடைய அன்றைய குழம்பு ஏற்கெனவே அடுப்பில் இருக்கும். மணப்பாடு, உவரி போன்ற கிறிஸ்தவ மீனவர் ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத நாள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

9. பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை

இந்த நேரத்துக்குத் திட்டம் இல்லாதவர்கள்தான் ‘ஊரில் ஒன்றும் இல்லை’ என்று எழுதுகிறார்கள். கோட்டை அருங்காட்சியகம், 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அதன் வாசல் வழியாகத் தெரியும் நிழலான தெரு, எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, நம் திங்கட்கிழமைத் திட்டத்துக்கு அது இடைஞ்சல் இல்லை. அப்புறம் சாப்பாடு, தூக்கம். அங்கே ஓசோன் காற்று வீசுகிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், தூக்கம் வருவதற்கு உப்புக்காற்றும் மீன்குழம்பும் போதும்.

பூம்புகார், திருக்கடையூர், திருநள்ளாறு, நாகூர் எல்லாவற்றையும் ஒரே பகலில் ‘முடித்துவிடலாம்’ என்று கார் பிடிப்பவர்கள் உண்டு. அப்படிப் பார்க்க வேண்டும் என்றால் தனியாக ஒரு பயணம் வாருங்கள். இந்த இரண்டு நாளில் ஒன்றே ஒன்று, வேண்டுமானால்.

10. திரும்புதல்

திங்கள் இரவு ரயிலைப் பிடித்தால் செவ்வாய் விடியும்போது சென்னை. அறையை மதியம் காலி செய்யச் சொல்வார்கள். குளிக்கவும் பை வைக்கவும் மாலைவரை ஒரு சின்ன அறை தருவார்களா என்று காலையிலேயே கேளுங்கள், திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் தருவார்கள். உப்பும் மணலுமாக ரயில் ஏறினால் இரவு முழுக்கச் சொறிந்துகொண்டே வர வேண்டியிருக்கும்.

கடைசிப் பேருந்தை நம்பிக் கடற்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இருட்டிய பிறகு பேருந்துகளுக்கு இடையே நேரம் நீளும், சில நாள் ஒன்று வராமலே போகும். நிலா எழுவதைப் பார்த்துவிட்டு ஏழரைக்குள் சாலைக்கு வந்துவிடுங்கள். மயிலாடுதுறையில் இறங்கி, இரவுச் சாப்பாட்டைப் பேருந்து நிலையத்துப் பக்கமே முடித்துக்கொண்டு ஆட்டோ ஏறுங்கள்.